பரணில் சேர்ந்த பாட்டில், டப்பா, கவர்: எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது?

கொசப்பேட்டை மருமகள்

வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று பரணைக் காலி செய்ய ஆரம்பித்தோம். சாமான் இறங்க இறங்கத் தலை சுற்றிவிட்டது. காபித்தூள் பாட்டில், ஜாம் பாட்டில், ஹார்லிக்ஸ் கண்ணாடியில் வந்த காலத்துப் பாட்டில், ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், பிரியாணி வந்த கறுப்பு டப்பா, கட்டுக்கட்டாகப் பால் கவர், முட்டை அட்டை, ஒரு மூட்டை நிறைய அரிசிப் பை. அத்தை எதையும் வெளியே போட விடமாட்டார். “எதுக்காவது ஆகும்” என்பார். ஆகத்தான் செய்கிறது, ஆனால் எடுத்து உபயோகிப்பதைவிட வேகமாக வந்து சேருகிறது.

பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்து ஷோகேஸில் வைக்கும் யோசனை எனக்கு வேண்டாம். அதைத் துடைக்கிற வேலையும் என் தலையில்தான் விழும். தினமும் கை படுகிற மாதிரி உபயோகம் சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்ளவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அத்தையிடம் காட்டுவேன்.

பழைய பேப்பர்

காயலான் கடை. முடிந்தது.

பயன்படுத்துகிறேன் என்று சொல்லிச் சேர்த்துவைப்பவர்கள் வீட்டில் கரப்பான்தான் குடித்தனம் நடத்தும். பிரித்துக் கொடுத்துவிடுங்கள், அது வேறொரு பொருளாக மாறிக்கொள்ளும். குப்பையை வீட்டிலேயே பிரித்தால்தான் அதற்கு மதிப்பு என்று குப்பை மேலாண்மை நிபுணர் வேலூர் சீனிவாசன் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும் இதைத்தானே?

கொசப்பேட்டை மருமகள்

பிளாஸ்டிக்கும் அட்டையும் சரி சார். கண்ணாடியை எங்கள் தெருவுக்கு வருகிறவர் எடுக்கவே மாட்டேன் என்கிறார். பீர் பாட்டில் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அத்தை முன்னால் கேட்டார் என்பதுதான் விசேஷம்.

ஆற்காடு ஊறுகாய்

கண்ணாடியை யாருக்கும் கொடுக்காதீர்கள் அம்மா, எனக்குக் கொடுங்கள்!

நான் வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறேன். சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போவதெல்லாம் பழைய பாட்டிலில்தான். கண்ணாடி வாசனையைப் பிடித்துவைக்காது. பாட்டிலில் பழைய வாசம் அடிக்கிறதென்றால் பெரும்பாலும் அது மூடியிலிருந்து வருவது. மூடிக்குள் ஓரமாக ரப்பர் மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருக்கும், வாசமெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும். பூண்டு ஊறுகாய் மூடியை எத்தனை கழுவினாலும் அதை ஏலக்காய்த் தூள் பாட்டிலுக்குப் போட முடியாது. ஆகவே பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள், மூடியைச் சந்தேகப்படுங்கள்.

லேபிளைச் சுரண்டாதீர்கள், கீறல் விழும். வெந்நீரில் ஊறப்போட்டால் காகிதம் கழன்று வந்துவிடும். அப்புறம் பிசுபிசுவென்று ஒரு பசை நிற்குமே, அது தண்ணீருக்கு மசியாது. தேங்காயெண்ணெயில் ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஊறுகாய்க்கு என்றால் கொதிக்கவைக்காமல் எடுக்காதீர்கள். பெரிய பாத்திரத்தின் அடியில் பழைய துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பாட்டிலைப் படுக்கவைத்து, பச்சைத்தண்ணீர் ஊற்றி, அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கொதி வந்து 10 நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு அப்படியே ஆறவிடுங்கள். வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். வெயில் என்கிற ஒன்றை மட்டும் நம் ஊரில் யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பாட்டில் தோளோரம் உள்பக்கம் ஒரு சொட்டு ஈரம் ஒளிந்திருக்கும், விரலுக்கு எட்டாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு சொட்டுக்கே மாங்காய் பூசணம் பூத்துவிடும்.

இன்னொன்று. தகர மூடி உப்பையும் புளிப்பையும் தாங்காது. சில மாதத்தில் மூடியின் உள்ளே பழுப்பாக ஒரு வளையம் தெரியும், அப்புறம் அது செதில் செதிலாக ஊறுகாய்மேல் உதிரும். ஊறுகாய் ஊறும் வரைக்கும் மூடியே வேண்டாம். வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைப்பதுதான் சரி. ஊறியபின் பிளாஸ்டிக் மூடியோ, பேக்கிங் சாமான் விற்கும் கடையில் புது மூடியோ போடுங்கள். ஜாம் பாட்டில் மாதிரி கால் சுற்றுத் திருப்பில் திறக்கும் மூடிகள் 53, 63, 70 மில்லிமீட்டர் என்று அளவு வைத்துத்தான் வருகின்றன. பழைய மூடியைக் கையோடு கொண்டுபோனால் பொருத்திப் பார்த்து வாங்கலாம்.

குடியாத்தம் வாத்தியார்

அம்மா சொன்ன பச்சைத்தண்ணீர் விஷயம் முக்கியம். முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாம், காபித்தூள் பாட்டில்களெல்லாம் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது சாதாரணக் கண்ணாடி. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். கொதிக்கிற நெய்யைத் திடீரென்று ஊற்றினால் உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில் விரிசல் விடுகிறது. அடிப்பாகம் தடியாக இருப்பதால் அடிதான் முதலில் கழன்று விழும். தடிக் கண்ணாடி தாங்கும் என்று நினைப்பது தவறு. இந்த விஷயத்தில் மெல்லிசுதான் தேவலை. ஆய்வகக் குடுவைகள் அடுப்பில் நிற்பது அவை போரோசிலிகேட் என்ற வேறு வகைக் கண்ணாடி என்பதால். அது சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும்.

ஆகவே நெய்யைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். பாட்டிலைக் கடப்பைக் கல் மேடையில் வைக்காமல் மரப்பலகையிலோ மடித்த துணியிலோ வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே வெந்நீரில் காட்டுவதும் கூடாது.

வைத்துக்கொள்ளக் கூடாத பட்டியல் கேட்டிருந்தீர்கள். வாயில் சில்லு பெயர்ந்த பாட்டில், மயிரிழை விரிசல் விட்டது, மருந்து அல்லது பூச்சிக்கொல்லி வந்தது, என்ன வந்தது என்றே நினைவில்லாதது, இவையெல்லாம் வேண்டாம். குளிர்பான பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஃபினாயில், ஆசிட், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் ஊற்றிவைக்காதீர்கள். லேபிள் ஒட்டியிருக்கிறேனே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். படிக்கத் தெரியாத குழந்தையும், இருட்டில் தாகத்தோடு எழுந்திருக்கும் பெரியவர்களும் பாட்டிலின் உருவத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

கொசப்பேட்டை மருமகள்

அந்தக் கடைசி வரியை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய் ஃபினாயில் இருந்த பன்னீர் சோடா பாட்டிலை எடுத்துவந்து பேசாமல் என் கையில் கொடுத்தார். வாத்தியார் சாருக்கு நன்றி.

மொட்டைமாடி கீரை

காங்கேயநல்லூரிலிருந்து. உங்கள் மூட்டையில் பாதி எனக்குத் தோட்டச் சாமான்.

பால் கவர்: 2019 ஜனவரி 1ஆம் தேதி ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதனால் இது வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். கத்தரிக்கும்போது மூலையைத் தனியாக வெட்டி எடுக்காதீர்கள், ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கீறுங்கள். அந்தக் குட்டி முக்கோணம் சாக்கடைக்குத்தான் போகும், யாராலும் பொறுக்க முடியாது. காலியானதும் தண்ணீர் விட்டு அலசி அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். அரை லிட்டர் கவர் நாற்றுப் பைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அடியில் நான்கு ஓட்டை. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் நாற்று விடலாம். ஒரே குறை, உள்ளே வெளிச்சம் போகும், ஓரமாகப் பாசி பிடிக்கும். எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் நெருக்கி நிற்கவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

முட்டை அட்டை: குழியில் மண் போட்டு விதை ஊன்றலாம் என்று வீடியோ போடுகிறார்களே, நம் வெயிலுக்கு அது ஒத்துவராது. குழி சிறியது, மதியத்துக்குள் காய்ந்துவிடும். கிழித்து உரத் தொட்டியில் போடுங்கள். சமையலறைக் கழிவு சொதசொதவென்று நாறும்போது கைப்பிடி அட்டை போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நீள் கழுத்துக் கண்ணாடி பாட்டில்: தண்ணீர் நிரப்பி, கழுத்தில் தேங்காய் நாரைத் தளர்வாக அடைத்து, ஈரமான தொட்டி மண்ணில் தலைகீழாக நாலு விரல் ஆழம் குத்தி வையுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும்வரை காற்று உள்ளே போக வழியில்லை, தண்ணீர் இறங்காது. மண் காய்ந்து இடைவெளி விட்டதும் ஒரு குமிழி மேலே ஏறும், அந்த அளவு தண்ணீர் கீழே வரும். அக்கினி நட்சத்திரத்தில் இரண்டு நாள் ஊருக்குப் போகவேண்டி வந்தால் இதுதான் காவல்.

குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில்: குறுக்கே இரண்டாக வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் செருகுங்கள். மூடியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டிக் கிழிசலைத் திரியாக விடுங்கள். மேலே மண், கீழே தண்ணீர். கொத்தமல்லியும் புதினாவும் நன்றாக வரும்.

சத்துவாச்சாரி ஊதா

மேலே சொன்ன கடைசி யோசனைக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

நான் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற வேலையில் இருக்கிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. மூடியில்லாத பாட்டிலில் நிற்கும் நல்ல தண்ணீர் இருந்தால் போதும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். தண்ணீர் வற்றினாலும் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி மழை பெய்தால் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நான் டார்ச் அடித்துப் பார்க்கும் இடங்களில் முக்கால்வாசி இதே ‘மறுபயன்பாடு’தான். மாடியில் வெட்டின எண்ணெய் கேன், ஜன்னலில் மணி பிளான்ட் வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில், படிக்கட்டுக்கடியில் நிமிர்ந்து நிற்கும் காலி டப்பாக்கள். பரணில் இருந்ததை மாடிக்கு ஏற்றி வைப்பதாக இருந்தால் பரணிலேயே இருக்கட்டும்.

மொட்டைமாடி கீரை

திரி வைத்த பாட்டிலில் மேல்பாதி இறுக்கமாக உட்கார்ந்தால் கொசு எப்படி உள்ளே போகும் அக்கா?

சத்துவாச்சாரி ஊதா

இறுக்கமாக உட்கார்ந்தால் போகாதுதான் தம்பி. நீங்கள் கையால் வெட்டின பாட்டில் எத்தனை இறுக்கமாக உட்கார்கிறது என்று ஒருதரம் குனிந்து பாருங்கள். ஓர் ஓரம் ஏறியிருக்கும், ஓர் ஓரம் இறங்கியிருக்கும். வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த இணைப்பைச் சுற்றித் துணி நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், வாரம் ஒருநாள் கீழ்ப்பாதியைத் தேய்த்துக் கழுவுங்கள். மணி பிளான்ட் பாட்டிலுக்கும் அதே நாள். தொட்டியில் குத்தின கண்ணாடி பாட்டிலைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அதில் நிற்கிற தண்ணீர் வெளியே திறந்திருக்கவில்லை.

காலி பாட்டில்களைக் கவிழ்த்தே வையுங்கள். இது ஒன்றைச் செய்தாலே என் வேலை பாதி குறையும்.

காட்பாடி விடுதி

பாட்டிலைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கட்டிக் கொளுத்தி, உடனே தண்ணீரில் முக்கினால் அழகாக இரண்டாகிவிடும் என்கிறார்களே, டம்ளர் செய்யலாமா? ரூமில் நிறைய பாட்டில் இருக்கிறது. (என்ன பாட்டில் என்று கேட்காதீர்கள்.)

குடியாத்தம் வாத்தியார்

தம்பி, நான் மேலே சொன்ன விரிசலை வேண்டுமென்றே வரவழைக்கிற வேலை அது. வீடியோவில் நேராக உடைந்ததைக் காட்டுவார்கள், கோணலாக உடைந்ததைக் காட்டமாட்டார்கள். எரிகிற மண்ணெண்ணெய், சூடான கண்ணாடி, ஈரக்கை மூன்றையும் விடுதி அறைக்குள் சேர்க்காதீர்கள்.

செய்தே தீரவேண்டும் என்றால் பாட்டில் கட்டர் என்று சக்கரம் வைத்த கருவி இருக்கிறது. கோடு ஒரே ஒருமுறை, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். அப்புறம் கோட்டின்மேல் சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் மாறி மாறி ஊற்றினால் கழன்றுவிடும். விளிம்பைப் பெயின்ட்காரர்கள் வைத்திருக்கும் வாட்டர் பேப்பரில், தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். காய்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் அதை வாய் வைத்துக் குடிக்காதீர்கள், பேனா போட்டு வையுங்கள்.

பழைய பேப்பர்

பேனா போட வெட்டவே வேண்டாமே. ஜாம் பாட்டிலே போதும்.

ஆற்காடு ஊறுகாய்

அப்படிச் சொல்லுங்கள்! வெட்டாமல், ஒட்டாமல், அப்படியே உபயோகித்தால்தான் அது நிலைக்கும். என் சமையலறையில் கண்ணாடி எங்கே போகிறது என்று சொல்கிறேன். பெரிய காபித்தூள் பாட்டிலில் மிளகு, சீரகம், கடுகு. வாய் அகலமாக இருப்பதால் கரண்டி போகும், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். அதே மளிகையை மறுபடி வாங்கி வரும் வேலை மிச்சம். சின்ன ஜாம் பாட்டிலில் பெருங்காயக் கட்டி, ஜாதிக்காய், ஓமம். இஞ்சி பூண்டு விழுதும் கண்ணாடியில்தான், பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் அந்த டப்பா அப்புறம் பூண்டுக்கு மட்டுமே சொந்தம்.

கார்த்திகைக்கு வாசலில் காற்றடித்து விளக்கு அணையும். அகல வாய்ப் பாட்டிலில் இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, அதன்மேல் சின்ன அகலை இறக்கினால் நின்று எரியும். மேலே மூடாதீர்கள், ஒரே இடத்தில் சுவாலை கண்ணாடியில் படாமல் நடுவில் வையுங்கள்.

கொசப்பேட்டை மருமகள்

கறுப்பு பிரியாணி டப்பா பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆம்பூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடு, அதுதான் இங்கே அதிகம். அத்தை அதில் மாவு ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறார்.

குடியாத்தம் வாத்தியார்

டப்பாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட் (PET) பிளாஸ்டிக், தண்ணீர் பாட்டில் ரகம். சுமார் 70 டிகிரியைத் தாண்டினாலே இளகிக் கோணிக்கொள்ளும், ஆகவே சூடாக எதுவும் கூடாது. 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், சூடு தாங்கும். பிரியாணி டப்பா பெரும்பாலும் 5 ஆகத்தான் இருக்கும். ஆனால் மெல்லிசாகச் செய்தது. கரண்டி கீறிய கோட்டில் எண்ணெய் இறங்கிவிட்டால் சோப்பு எட்டாது. தொட்டால் வழுக்கும் பிசுக்கு அதுதான். கீறல் விழாதவரை உலர்ந்த சாமான் போடலாம். புளித்த மாவு, ரசம், சூடான குழம்பு இதற்கெல்லாம் எவர்சில்வர் இருக்கும்போது இது எதற்கு? மஞ்சள் கறை ஏறியிருந்தால் கழுவி வெயிலில் வையுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

அலுமினியத் தகட்டு டப்பாவில் புளி, தக்காளி, எலுமிச்சை எதுவும் மறுபடி வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

பழைய பேப்பர்

உலர்ந்த சாமான் என்றால் பருப்பு கூட வேண்டாம். பட்டன், ஊசி நூல், ஸ்க்ரூ, சார்ஜர் வயர். எங்கள் வீட்டில் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிகிற டப்பா மட்டும்தான் தங்கும். கறுப்பு டப்பாவில் போட்டதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆரணி சிப்பம்

அரிசிப் பையை விட்டுவிட்டீர்களே! நம் தொழில் அது. பழைய வடாற்காடு முழுக்க எங்கள் ஊர் அரிசிதான் போகிறது, பையும் கூடவே வருகிறது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பேக் செய்த அரிசிக்கு ஜிஎஸ்டி வந்ததும் பல மில்களில் சிப்பத்தை 26 கிலோ ஆக்கினார்கள் இல்லையா, பையும் கொஞ்சம் பெரிதாயிற்று.

பிளாஸ்டிக் இழைப் பின்னல் பை கெட்டிதான், ஆனால் வெயில் ஆகாது. சில மாதம் மாடியில் கிடந்தால் இழை இழையாகப் பிய்ந்து பொடியாகிவிடும். அந்தப் பொடி மண்ணிலும் சோற்றிலும் கலக்கும். ஆகவே அதன்மேல் வடாம் ஊற்றாதீர்கள், மிளகாய் காயவைக்காதீர்கள். அதற்குப் பழைய வேட்டிதான். மாடியில் செடி வளர்க்கவும் இந்தப் பையைச் சொல்லமாட்டேன், இடத்தை மாற்றத் தூக்கும்போது அடி அறுந்து மண் கொட்டும்.

நிழலில் என்றால் உழைக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வாயை இரண்டு மடிப்பு மடித்து, பழைய ஜீன்ஸ் பட்டையைக் கைப்பிடியாக வைத்துத் தைத்தால் நேதாஜி மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகலாம். வெங்காயம், தேங்காய், பூசணி எல்லாம் தாங்கும். வீட்டு மெஷினில் ஓடும், ஆனால் தடி ஊசி போடுங்கள்.

கொசப்பேட்டை மருமகள்

இது பிடித்திருக்கிறது. மெஷின் இருக்கிறது, ஊசி எத்தனாம் நம்பர்?

ஆரணி சிப்பம்

16 போதும். ஜீன்ஸ் பட்டை இரண்டு மடிப்பாக வரும் இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள், மோட்டாரில் ஓட்டினால் ஊசி ஒடியும்.

சத்துவாச்சாரி ஊதா

உடைந்த கண்ணாடி இருந்தால் ஒரு வேண்டுகோள். பாலிதீன் கவரில் போட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள். கெட்டியாகப் பேப்பரில் சுற்றி, ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, வண்டி வரும்போது கையில் கொடுத்துச் சொல்லுங்கள். தூய்மைப் பணியாளர்கள் பலபேர் கையுறை கிழிந்த பிறகும் அதையேதான் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

கொசப்பேட்டை மருமகள்

செய்கிறேன் அக்கா. பிரித்தாகிவிட்டது: மூடியோடு நல்லதாக இருந்த கண்ணாடியில் ஓர் அலமாரித் தட்டு கொள்கிற அளவு எங்களுக்கு, அதற்குமேல் ஒன்று வந்தால் ஒன்று போகவேண்டும் என்று பேசி முடிவு. பால் கவர் கழுவினது எடைக்கு, கேன்கள் எடைக்கு. மீதிக் கண்ணாடியெல்லாம் ஆற்காட்டு அம்மாவுக்கு என்றால் எப்படி அனுப்புவது?

ஆற்காடு ஊறுகாய்

நீங்கள் அனுப்பவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என் பையன் வேலூர் வருவான், உங்கள் போன் நம்பரை உள்பெட்டியில் அனுப்புங்கள். அத்தைக்கு நார்த்தங்காய் பிடிக்குமா, கிடாரங்காயா?

கொசப்பேட்டை மருமகள்

நார்த்தங்காய். பாட்டில் திருப்பித் தரவேண்டுமா என்று கேட்கச் சொல்கிறார்.

ஆற்காடு ஊறுகாய்

தரவேண்டும்.